மருமகன் மனம் நோகக் கூடாது

எங்கள் ஊரில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். காத்தான்குடியில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வீடு பெண்ணுக்குத்தான். ஆனால் வீட்டிலிருக்கும் சாய்ந்து இருக்கிற செற்றி, காற்றாடி, கோழியில் பெரிய துண்டு, எங்கள் உம்மாவின் மூளை எல்லாம் மாப்பிள்ளைக்கு.

என் அக்கா ஸாதியா ராத்தாவுக்கும் முனாஸ் மச்சானுக்கும் கலியாணம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் படுத்த அறை அவர்களுக்குப் போனது. போகட்டும். என்னுடைய கொம்பியூட்டரும் மேசையும் ஹோலுக்கு வந்து செற்றிக்குப் பக்கத்தில் ஒடுங்கின. அதுவும் போகட்டும் என்றுதான் இருந்தேன்.

நான் அபாயாக்களுக்குப் பூவேலை டிசைன் போடுகிறவள். கொம்பியூட்டரில் ஒவ்வொரு தையலாக வரைந்து கொடுத்தால் மெஷின் அதை அப்படியே துணியில் தைக்கும். கடை வைத்திருக்கும் ஹலீம் ஹாஜியார் என் வேலையைப் பார்த்துவிட்டு, “பெருநாளைக்குப் புதுசா ஒரு தொகுதி செஞ்சு காட்டுங்க மகள். சரி வந்தா நம்மட கடைப் பின்னறையில மெஷினப் போட்டுத் தாறன். இனி டிசைன் எல்லாம் நீங்கதான்” என்றிருந்தார். எனக்கென்று ஓர் அறை, யாரும் வந்து எழும்பு என்று சொல்லாத ஒரு கதிரை. அந்த ஆசையில் மழைக்காலம் முழுக்கக் குந்தியிருந்து வரைந்தேன். அன்றைக்குப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் பார்க்க வருவதாக ஏற்பாடு.

டிசைன் எல்லாம் அந்தக் கொம்பியூட்டர் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தன. பென் ட்ரைவில் ஏற்றிய டிசைன் எங்கள் ஊரில் ஒரு கிழமைக்குள் நாலு கடையில் தொங்கும். போன பெருநாளில் பட்டு அனுபவித்தவள் நான். அதனால்தான் வேறு பிரதி வைக்கவில்லை.

லுஹர் தொழுதுவிட்டு வந்த மச்சானுக்கு உம்மா பலூடா கலந்து கொடுத்தார். உயரமான கிளாஸ், ரோஸ் சிரப், பால், கசகசா, ஜெலி, ஒன்றிலும் குறை இல்லை. மச்சான் பாதி குடித்தார். ஸ்டூல் என்று நினைத்தாரோ என்னவோ, கிளாஸைக் கொண்டுபோய் சி.பி.யு. பெட்டியின் தலையில் வைத்தார். போன் அடித்தது. எடுக்கக் கையை நீட்டினார். அவ்வளவுதான். பெட்டியின் மேலே காற்றுப் போகிற துளைகளுக்குள் பலூடா முழுக்க இறங்கிவிட்டது.

நான் குசினியிலிருந்து ஓடி வந்து முதல் வேலையாகச் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினேன். அன்றைக்குச் சரியாக நடந்தது அது ஒன்றுதான். திரை இருண்டதே தவிரப் பெட்டி பிழைத்துக் கிடந்தது. சரித்துப் போட்டு, பக்கத் தகட்டைக் கழற்றி, துடைத்து, சில நாள் காயவிட்டால் போதும். ஹாஜியாரிடம் தவணை கேட்கலாம்.

மச்சானின் முகம் கறுத்துப் போயிற்று. “என்னாலதானே...” என்று இழுத்தார்.

அந்த முகத்தைக் கண்டதும் உம்மாவுக்கு உயிர் போய்விட்டது. அடுத்த தெரு ஒழுங்கையில் ஒரு வீட்டில், கறியில் உறைப்புக் கூட என்று கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போன மாப்பிள்ளை இன்னும் திரும்பி வரவில்லை. உம்மாவுக்கு அந்த நினைப்புத்தான் பகலும் இரவும்.

“சீச்சீ, ஒண்டுமில்ல மருமகன்! இதெல்லாம் ஒரு விசயமா? இஞ்ச பாருங்க, இப்பவே ஓடும்” என்று துவாயால் பெட்டியின் மேலே ஓர் இழுப்பு இழுத்துவிட்டு உம்மா பிளக்கைக் கையில் எடுத்தார்.

“உம்மா, போடாதீங்க! உள்ளுக்கு ஈரம் கிடக்கு! எரிஞ்சு போகும்!” என்று கத்தினேன்.

“வாயப் பொத்து! மருமகன் இரிக்கிற இடத்தில என்ன கத்தல் இது, மரியாத இல்லாம?”

நான் பாய்ந்து பிடுங்கியிருப்பேன். ராத்தா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உம்மா பிளக்கைக் குத்தி, சுவிச்சைப் போட்டு, பெட்டியின் பொத்தானையும் அழுத்தினார். திரையில் வெளிச்சம் வந்தது.

“பாத்தீங்களா மருமகன்!” என்று சிரித்தார். சிரித்து முடியவில்லை, உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம். கருகிய பால் நாற்றம் ஹோல் முழுக்க அடித்தது.

“கறண்டு கூடி வந்திட்டு போல” என்றார் உம்மா, மச்சானைப் பார்த்து. “இந்தப் பக்கம் எப்பவும் இப்பிடித்தான்.”

வாவிக்கரைப் பக்கம் கொம்பியூட்டர் திருத்துகிற கடை வைத்திருக்கும் நளீர் நானாவிடம் ஓட்டோவில் தூக்கிக்கொண்டு போனேன். மதர்போர்டும் போய்விட்டது, ஹார்ட் டிஸ்க்கும் போய்விட்டது என்றார். கொழும்புக்கு அனுப்பிப் பார்த்தார். அங்கேயும் கையை விரித்துவிட்டார்கள்.

அந்தச் செய்தியோடு வீட்டுக்கு வந்தால் ராத்தா ஒளித்துக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்கிறாள், “மச்சானுக்கிட்டச் சொல்லிராத. கவலப்படுவாரு.”

“எனக்குக் கவல இல்லியா?”

“நீ நம்மட ஆள்தானே கா.”

நம்முடைய ஆள் என்றால் மனம் இல்லையோ! ஹாஜியார் நல்ல மனிதர், பொறுத்துத்தான் பார்த்தார். பெருநாள் பொறுக்குமா? ஏறாவூரில் ஒரு பிள்ளையிடம் வேலையைக் கொடுத்துவிட்டதாகப் போன் எடுத்துச் சொன்னார். பின்னறையும் அவளுக்குத்தான். “சரி ஹாஜியார்” என்று வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதேன். ஹோலில் அழ முடியாது, மச்சான் இருந்தார்.

அடுத்த நாள் பகல் சோற்றின்போது மச்சானே கேட்டார். “என்ன நிஸ்றா, கொம்பியூட்டர் சரியாகிட்டா?”

உம்மா கண்ணைக் காட்டினார். ராத்தா கறிச் சட்டிக்குள் எதையோ தேடினாள். எனக்குப் பொறுக்கவில்லை.

“இல்ல மச்சான். அது செத்துப் போச்சு. ஹாஜியார்ட வேலையும் போச்சு. நீங்க ஊத்தினதால இல்ல, ஈரத்தோட போட்டதால. ஒங்கட மனம் நோகக் கூடாதெண்டு போட்டாங்க.”

மச்சானின் கை சோற்றில் நின்றது.

“எனக்குத் தெரியும்” என்றார் பிறகு. “நான் கட்டார்ல வேல செஞ்ச ஒபிஸில இப்பிடி ஒண்டு எரிஞ்சதக் கண்ணால கண்டிரிக்கன். போடாதீங்க மாமி எண்டு வாய் வரைக்கும் வந்திச்சு. புதுசா வந்த வீடு. மாமிட பேச்ச மறுத்துச் சொல்ற மரியாத இல்லியே எண்டு இருந்திட்டன்.”

யா அல்லாஹ்! ஒரு சொல். அந்த மனிதன் ஒரு சொல் சொல்லியிருந்தால் உம்மா பிளக்கைப் பாம்பை எறிவதுபோல் எறிந்திருப்பார்.

மச்சான் எழும்பிக் கையைக் கழுவிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ராத்தா பின்னால் ஓடினாள். பாதிச் சோறு பீங்கானில் கிடந்தது. உம்மா அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இப்பச் சந்தோசமா ஒனக்கு?” என்றார்.