கேமராவில் ஒரு கறுப்புப் புள்ளி

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில் அலுவலகத்தில், எனக்கு அடுத்த மேசையில் உட்காரும் கிருபாபாயினுடையது. "எழுதுறதா இருந்தா எழுதுங்கக்கா. என்னையத் தியாகி மாதிரி மட்டும் ஆக்கிராதீய" என்று சொல்லித்தான் கொடுத்தாள். அதனாலேயே தொடக்கம் அமைய மாட்டேன் என்கிறது.

முதலில் எழுதியது: அட்லாண்டிக் கடலின் பனிமூட்டத்தில் ராட்சத அலைகள் சீறிக்கொண்டு—

அடித்துவிட்டேன். நான் பார்த்த ஒரே கடல் திருச்செந்தூரில். அங்கேயும் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை.

அடுத்தது: ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஓர் எளிய பெண்—

இதையும் அடித்தேன். ஜன்னல் சீட்டுக்காகக் கண்டக்டரிடம் சண்டை பிடிக்கிறவளை எளிய பெண் என்று எப்படி எழுதுவது?

2

அவள் கணவன் பெலிக்ஸ், அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். விசா வந்ததும் அவளும் போக வேண்டும். போன இடத்தில் அவன் பலகையில் நின்று அலைமேல் சறுக்கும் சர்ஃபிங் கற்றுக்கொண்டான். போனில் வேறு பேச்சே கிடையாதாம். கேட்டுக் கேட்டு அந்தக் கரையின் பருவங்கள் அவளுக்கு மனப்பாடம்.

கோடையில் அலை சின்னது. புதிதாகப் படிக்க வந்தவர்கள் விழுந்து எழுவார்கள். செப்டம்பர், அக்டோபர்தான் நல்ல காலம். கோடையில் வாங்கிய சூட்டைக் கடல் இன்னும் கொஞ்சம் வைத்திருக்கும். தூரத்துப் புயல்கள் அலையை அனுப்பத் தொடங்கியிருக்கும். நிலத்திலிருந்து கடலைப் பார்த்துக் காற்று வீசினால் அலை கலையாமல் சுவர் போல நிமிர்ந்து வரும். நவம்பருக்கு மேல் அலை வீட்டு உயரத்துக்கு எழும்பும், பகல் சுருங்கிவிடும். தண்ணீர் உச்சமாகக் குளிர்வது பிப்ரவரியிலும் மார்ச்சிலும். நமக்கு வெயில் ஏறுகிற மாதங்கள்.

[இந்தப் பத்தி கட்டுரை போல இருக்கிறது, எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "எடுக்காதீய. இது தெரியலன்னா நான் எம்புட்டுப் பயந்தேன்னு யாருக்கும் வெளங்காது" என்றாள்.]

குளிர்காலத்தில் இறங்க மாட்டேன் என்று பெலிக்ஸ் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

3

அந்தக் கரையில் ஒரு கேமரா இருக்கிறது. அலை எப்படி என்று வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ள, சர்ஃபிங் பள்ளிக்காரர்கள் வைத்தது. யார் வேண்டுமானாலும் போனில் பார்க்கலாம். எங்கள் சாயங்கால டீ நேரம் அங்கே காலை. கிருபாபாயின் டீ தினமும் ஆடை கட்டிக் கிடக்கும்.

"அவியள நம்பாம இல்லக்கா. சும்மா பாக்கேன்."

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: பெலிக்ஸ் ரகசியமாகக் கடலில் இறங்குவதாக வைத்தால் கதை சூடுபிடிக்கும். வைத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. அவன் ஒருநாளும் வாக்கை மீறவில்லை.)

ஜனவரியில் ஒரு நாள் அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். திரையில் சாம்பல் நிறக் கடல். இடப்பக்கப் பாறைகளின் ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. குளிருக்காக அங்கே எல்லாரும் தலைவரை மூடிய ரப்பர் உடை போடுவார்கள். ஆணா பெண்ணா தெரியாது. பலகை மட்டும் தனியாகக் கரைக்கு வந்துவிட்டது. புள்ளி வரவில்லை. ஒரு கை உயர்ந்தது, காணாமல் போனது.

"அக்கா, அவிய."

"ஏட்டி, அவருன்னு எப்படிச் சொல்லுத?"

"அவியதான்."

பெலிக்ஸை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழைத்தாள். பிறகு, கேமராப் படத்துக்குக் கீழே இருந்த பள்ளியின் நம்பருக்கு. மில்லின் இங்கிலீஷ் கடிதங்களில் ஒரு பிழை விடாதவள், "மேன் இன் வாட்டர்! லெஃப்ட் சைடு ராக்ஸ்! மை ஹஸ்பண்ட்!" என்று அலறினாள். மேனேஜர் வேலுசாமி எழுந்து வந்து என்னவென்று கேட்டார். திரையைக் காட்டினேன். அவரும் அங்கேயே நின்றுவிட்டார்.

[மீட்புக் காட்சியை ஒரு பக்கம் எழுதலாம். எங்களுக்குத் தெரிந்தது புள்ளிகள் மட்டும். கரையிலிருந்து இரண்டு புள்ளிகள் ஓடி, பாறைப் பக்கம் போய், மூன்றாவதை இழுத்து வந்து மணலில் கிடத்தின.]

4

பள்ளியிலிருந்து அழைத்தார்கள். உயிர் இருக்கிறது. ஆனால் உங்கள் கணவர் இல்லை, ஒரு பெண்.

கிருபாபாய் நாற்காலியில் விழுந்து சிரித்தாள். "அவிய இல்ல! அக்கா, அவிய இல்ல!" பிறகு, தன் சிரிப்பு தனக்கே கேட்டுவிட்டது போல வாயைப் பொத்திக்கொண்டாள்.

டூட்டி முடிந்து பெலிக்ஸ் கூப்பிட்டான். போன் லாக்கரில் இருந்திருக்கிறது. நடந்ததைக் கேட்டுப் பெருமையாகப் பேசிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான்.

"அப்ப நீ தெனமும் பாத்துக்கிட்டா இருந்த?"

"ஆமா."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நம்பலன்னு நெனப்பீய."

"இப்ப என்ன நெனைக்கட்டும்?"

கொஞ்ச நாள் அவர்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. பிறகு பேசினார்கள். அது தேறிவிட்டது. தேறாதது வேறு.

5

முடிவு ஒன்று: மில்லே திரண்டு அவளைப் பாராட்ட—

பாராட்டினார்கள்தான். போட்ட சால்வையை மடிக்காமல் மேசை டிராயருக்குள் திணித்தாள்.

முடிவு இரண்டு: விசா வருகிறது, அதே கரையில் அவளும் பெலிக்ஸும்—

விசாவும் வந்துவிட்டது. இன்னும் சில வாரத்தில் போகிறாள். ஆனாலும் பஸ் ஸ்டாப்பில் அவள் கேட்டது பாக்கி இருக்கிறது.

"அக்கா, அது அவிய இல்லன்னு தெரிஞ்சிருந்தா நான் போன் பண்ணியிருப்பனா? யாரோ நீந்துதாவன்னு டீயைக் குடிச்சிருப்பேன்."

"கண்டிப்பா பண்ணியிருப்ப."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது. அவள் போன் செய்யாமல் டீயைக் குடிப்பதாகவும் எழுதிப் பார்த்தேன். சிரமமே இல்லாமல் எழுத வந்தது. அன்றைக்கு அதற்கு மேல் எழுதவில்லை.

6

பிழைத்த பெண் அவளோடு பேச வேண்டும் என்று பெலிக்ஸிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். கிருபாபாய் தட்டிக் கழித்தாள். கடைசியில் போன சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்து, "செத்த நேரம் பக்கத்துல இருங்கக்கா" என்று சொல்லி வீடியோ காலை எடுத்தாள்.

நடுத்தர வயதுப் பெண். நன்றி சொல்லத் தொடங்கி அழுதாள். கடவுள்தான் உங்களை அன்றைக்குப் பார்க்க வைத்தார் என்றாள். கிருபாபாய் ஆமென் சொல்லி முடித்திருக்கலாம். பிழையில்லாத இங்கிலீஷில் சொன்னாள்: "உங்களுக்காக நான் கூப்பிடவில்லை. என் கணவர் என்று நினைத்துக் கூப்பிட்டேன். வேறு யாரோ என்று தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன், எனக்குத் தெரியாது."

அந்தப் பெண் அழுகையை நிறுத்தினாள். பிறகு ஒரு பதில் சொன்னாள். நானும் கேட்டேன். அதை இங்கே எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். எப்படி எழுதினாலும் கிருபாபாயைச் சமாதானப்படுத்த நான் இட்டுக்கட்டியது போல ஆகிவிடுகிறது. அதனால் எழுதவில்லை.

அந்தப் பதிலை நீங்கள் சொல்லுங்கள். அந்தக் குளிர்ந்த தண்ணீரில் கிடந்தது நீங்கள்தான். உங்களைக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், உடம்பில் சூடு திரும்பிவிட்டது. போனில் ஒருத்தி, ராஜபாளையத்துப் புழுக்கத்தில் நெற்றி வேர்க்க, உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.