நாலு மணிக்குள் கைநாட்டு

பெட்டியைத் தூக்க ஆறு பேர் குனிந்தபோது அன்ரோனெற் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று ஐந்து. கிடப்பது பெற்ற தகப்பன். மகள் மணி பார்க்கிறாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அழுதுகொண்டிருந்த மற்றப் பதின்மூன்று பெண்களும் அதே கடிகாரத்தைத்தான் பார்த்தார்கள்.

ஐரோப்பா நம் மீனை வாங்க மாட்டேன் என்ற வருடம், அவர்கள் மீன் வெட்டிப் பொதி செய்த கொம்பனி பூட்டிக்கொண்டது. வேலை போனவர்களுக்கு அரசாங்கம் உதவி அறிவித்தது. இந்தப் பதினான்கு பேருக்கு மட்டும் இல்லையாம். கிலோக் கணக்கில் கூலி வாங்கியவர்கள் தொழிலாளர் ஆக மாட்டார்களாம். அங்கே ஐஸ் உடைத்த அன்ரோனெற்றின் அப்பா கொன்ஸ்ரன்ரைன் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கு மாதச் சம்பளம், உதவி உண்டு. "இவையோடைதான் நானும் கைநாட்டு வைப்பன்" என்று திரும்பி வந்துவிட்டார்.

பிறகு வெட்டின கிலோவை எழுதிக் கொம்பனி கொடுத்து, பெண்கள் எறியாமல் வைத்திருந்த நிறைத்துண்டுகளை ஒரு மாப் பையில் கட்டிக்கொண்டு மன்னார் அரசாங்கக் கந்தோருக்கு ஏழு தரம் போனார். "நான் உடைச்ச ஐஸ் கரைஞ்சு போச்சு. இவை வெட்டின மீனெல்லோ கப்பல் ஏறினது. அப்ப ஆர் ஐயா தொழிலாளி?" என்று கேட்டாராம்.

கடைசியில் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் தோட்டவெளி விதானையார் கந்தோருக்கு நேரில் வந்து கைநாட்டு வைப்பவர்களுக்கு உதவி. பிந்தினால் இல்லை.

வியாழக்கிழமை விடியத் தேத்தண்ணி கேட்டவர், அதைக் குடிக்க எழும்பவில்லை.

பிணம் கிடக்கிற வீட்டை விட்டுக் காசுக்கு ஓடினாளுகள் என்று ஊர் சொல்லும். அதனால் வெள்ளி மதியம் முழுக்க ஒருத்தியும் அசையவில்லை.

கோயிலுக்குப் போகும் வழியில் புனிதர் சுருபம் வரும் இடமெல்லாம் பெட்டியை இறக்கிச் செபம் சொல்வது வழக்கம். அந்தோனியார் சுருபம் விதானையார் கந்தோருக்கு நேர் எதிரே. அன்ரோனெற் எட்டி நடந்து, செபம் சொல்லிக்கொண்டு முன்னே போன மூப்பர் யாகப்பரைப் பிடித்தாள்.

"மூப்பர், அந்தோனியாரடியிலை எவ்வளவு நேரம் நிப்பியள்?"

"ஒரு பரலோக மந்திரம் சொல்லுற நேரம். ஏன் பிள்ளை?"

"பதினாலு கைநாட்டு வைக்கிற நேரம் நிக்கேலாதோ?"

யாகப்பர் கந்தோரைப் பார்த்தார். திரும்பிப் பெட்டியைப் பார்த்தார். "அப்ப முழுச் செபமாலையும்தான். உன்ரை அப்பருக்கு இனி என்ன அவசரம்?"

வழக்கமாகப் பஸ் பிடிக்கப் போகிறவர் போல் ஓதுகிற மனுசன், அன்றைக்கு ஒவ்வொரு சொல்லையும் மென்று மென்று விட்டார். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். மன்னார்க் கந்தோரிலிருந்து வந்த சனூன் ஐயா பெயர் கூப்பிட்டார். பதினான்கு பேரும் நீல மையில் பெருவிரலைப் பதித்து முடிய, நாலுக்குப் பத்து நிமிடம்.

"கொன்ஸ்ரன்ரைன்."

வெளியே செபம் மட்டும் கேட்டது.

"வந்திருக்கிறார் ஐயா," என்றாள் பெற்றிசியா, மை விரலால் யன்னலைக் காட்டி. "வெளியிலை."

சனூன் எட்டிப் பார்த்தார். கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "ஏழு தரம் வந்து என்னோடை சண்டை பிடிச்ச அந்த மனுசனோ?"

"ஓம். இது எட்டாந்தரம்," என்றாள் அன்ரோனெற்.

யாரோ ஒருத்திக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அது எல்லோருக்கும் தொற்றி, கடைசியில் சனூனும் கைக்குட்டையால் வாயைப் பொத்தினார். அன்ரோனெற் அழுதபடியே சிரித்தாள். அப்பாவை அடக்கம் செய்யும் நாளில் இவ்வளவு சந்தோசம் வரும் என்று அவள் நினைத்ததே இல்லை.

"அவரின்ரை மனுசியை வரச் சொல்லுங்கோ. அவ வைச்சால் காணும்," என்றார் சனூன்.

அன்ரோனெற்றின் அம்மா றஞ்சிதம் பெட்டியடியிலிருந்து எழும்பி வந்து கைநாட்டு வைத்துவிட்டுத் திரும்பிப் போய், "வைச்சிட்டனப்பா," என்று பெட்டியில் ஒரு தட்டுத் தட்டினாள். யாகப்பர் ஆமென் சொன்னார்.

சேமக்காலையில் முதல் பிடி மண்ணை றஞ்சிதம் போட்டாள். அடுத்து மகள். பிறகு மற்றப் பெண்கள் ஒவ்வொருவராகக் குனிந்து போட்டார்கள். ஒருத்தியும் கை கழுவியிருக்கவில்லை. பதினைந்து பெருவிரல்களும் நீலமாக இருந்தன.