ஜேபெஸ் கோலின் மண்டையோடு பார்த்த திசை

ஹாலோஃபீல்டில் ஆலை அணையைத் தோண்டியபோது அகப்பட்ட மண்டையோடு, எப்படி வைத்தாலும் நீதிபதி ஓபதியா திரேலின் வீட்டுப் பக்கமே திரும்பிக்கொண்டது. கான்ஸ்டபிள் அதை மேசையில் வைத்தார், கூடையில் வைத்தார், துணி சுற்றி அலமாரியில் பூட்டினார். திறந்து பார்த்தால் மறுபடி அதே பக்கம். ஊருக்கு ஒரே பெருமை. செத்தவன்கூட நம்ம நீதிபதியிடம்தான் முறையிட வருகிறான் என்று தேவாலய வாசலில் பேசிக்கொண்டார்கள். கூடவே கிடைத்த இடுப்புவாரின் கொக்கியில் ஜேபெஸ் கோல் என்று செதுக்கியிருந்தது. மண்டையோட்டின் பின்புறம் குண்டு துளைத்த ஓட்டை.

அன்று முதல் திரேலுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. இரண்டு சட்டப் புத்தகத்தோடும் ஒரு நொண்டிக் குதிரையோடும் அந்த ஊருக்கு வந்தவர் அவர். வேலி தாண்டிய பன்றிகளுக்காக வாதாடிப் பேர் வாங்கி, பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை வந்தபோது கேப்டனாகப் போனார். முதல் வெடிச்சத்தத்திலேயே மரப்பொந்துக்குள் ஒளிந்துகொண்டார். அதைப் பார்த்தவன் அவர் படையில் இருந்த ஜேபெஸ் ஒருவன்தான். திரும்பும் வழியில், ஊர் மணிச்சத்தம் காதில் விழும் தூரத்தில், அணையோரச் சேற்றில் அவனைப் பின்னந்தலையில் சுட்டுப் புதைத்துவிட்டு, அவன் படையைவிட்டு ஓடிப்போனான் என்று எழுதிக்கொடுத்தார். மாவீரர் என்று நம்பிய ஊர், அவரை நீதிபதி ஆக்கியது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. கொலையுண்டவனை ஊர் ஆண்கள் எல்லாரும் தொட வேண்டும். கொன்றவன் கை பட்டால் இரத்தம் வரும். அதை நம்பித்தான் ஏழு வருடத்துக்கு முன் பீப்பாய் செய்யும் ஆமோஸ் டில்லிங்கைத் திரேல் தூக்கில் போட்டார். அவன் தொட்டபோது, கொலையுண்ட ஒரு வியாபாரியின் மூக்கில் ஒரு சொட்டு எட்டிப்பார்த்தது. இரத்தம் பொய் சொல்லாது என்று தீர்ப்பில் எழுதினார்.

வியாழக்கிழமை நீதிமன்றத்தில் நூற்றுப் பதினோரு ஆண்கள் தொட்டார்கள். எலும்பு எலும்பாகவே கிடந்தது. கண்குழிகள் மட்டும் நீதிபதியின் நாற்காலியைவிட்டு அசையவில்லை. பொய்முடிக்குள்ளிருந்து வேர்வை வழிய, அவர் அவசரமாகக் காகிதங்களைக் கட்டினார்.

"இன்னும் ஒருத்தர் பாக்கி இருக்காரே," என்றாள் ஆமோஸின் விதவை டாம்சின்.

"யாரும்மா அது?" என்றார் கான்ஸ்டபிள்.

"மேல உக்காந்திருக்காரே, அவருதான். ஏன், அவருக்குக் கை இல்லியா?"

ஊர் சிரித்தது. திரேல் இறங்கி வந்தார். விரல் நுனி பட்டதுதான் தாமதம், மண்டையோட்டிலிருந்து சூடான இரத்தம் கொட்டி, மேசையை நனைத்து, முன்வரிசையில் இருந்தவர்களின் பூட்ஸ் வரை ஓடியது. யாரும் காலை எடுக்கவில்லை.

கான்ஸ்டபிள்தான் வாய் திறந்தார். "ஐயா... இது வந்து, பழைய எலும்பு. தப்பாச் சொல்லுது. இல்லீங்களா?"

"தப்பாச் சொல்லுமா?" டாம்சின் முன்னால் வந்தாள். "அப்ப என் புருசன் விஷயத்துலயும் தப்பாத்தானே சொல்லியிருக்கும்? வாயைத் திறந்து சொல்லுங்க. எதுவானாலும் எனக்குச் சம்மதம்."

திரேலின் கண்முன் கயிறு ஆடியது. இரத்தம் பொய் சொல்லாது என்றால் கழுத்து போகும். சொல்லும் என்றால், ஒரு பாவமும் அறியாதவனைக் கொன்றவர் ஆவார். பயந்தவருக்குக் கழுத்துதான் பெரிதாகத் தெரிந்தது.

"பொய் சொல்லும்," என்று முணுமுணுத்தார். டாம்சின் அதை உரக்க இன்னொரு முறை சொல்லவைத்தாள். ஆமோஸ் நிரபராதி என்று அவர் கையாலேயே எழுதி வாங்கி, மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். தொட்டுப் பார்க்கும் அந்த வழக்கமும் அன்றோடு ஒழிந்தது.

ஜேபெஸைத் தேவாலயக் கல்லறையில் புதைத்துக் கல் நட்டார்கள். மறுநாளே கல் நீதிபதி வீட்டுப் பக்கம் திரும்பியது. அவர் ஆலைக்குப் போனால் ஆலைப் பக்கம், நீதிமன்றம் போனால் அந்தப் பக்கம். ஒளிந்துகொள்ள நிலவறைக்குள் இறங்கினார், கல் குனிந்துகொண்டது. ஊர் முதலில் நடுங்கியது, பிறகு பழகிவிட்டது. நீதிபதி எங்கே என்று கேட்டு வருபவர்களிடம், "கல்லைப் பாத்துட்டுப் போங்க" என்றார்கள். அப்படியே இருபத்திரண்டு வருடம் பயந்து பயந்து உயிரை வைத்திருந்தார் திரேல். தன்னை எதிர்க்கோடி மூலையில் புதைக்கச் சொன்னார், புதைத்தார்கள். இப்போது அவருடைய கல் ஜேபெஸுக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. ஜேபெஸின் கல் ஒவ்வொரு பனிக்காலமும் அதை நோக்கி ஒரு சாண் முன்னால் வருகிறது. புல் அறுப்பவர்கள் அதற்கு வழி விட்டு அறுக்கிறார்கள்.