ஜோதி அடிக்கும் தாளம்

எங்கள் லைனில் வேலையை ரசித்துச் செய்தவள் ஜோதி ஒருத்திதான். மற்றவர்களுக்கெல்லாம் பவர் பிரஸ் என்றால் எட்டு மணி நேரத் தலைவலி. அவளுக்கு அது கச்சேரி. தகட்டை அச்சுக்குள் வைப்பாள், காலால் பெடலை மிதிப்பாள், மேலிருந்து இடி இறங்கும், பீஸை எடுத்துவிட்டு அடுத்ததை வைப்பாள். வாயில் எப்போதும் ஏதாவது பாட்டு. வடக்குப்பட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். இந்த வருடம் எப்படியாவது பர்மனென்ட் ஆகிவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை.

“அது வர்றப்ப வரட்டும் பூமாரிக்கா. அதுவரைக்கும் அழுதுகினேவா வேல செய்யறது?” என்பாள். எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்.

ஆயுத பூஜை வந்தது. தன் மிஷினைக் குளிப்பாட்டாத குறையாகத் துடைத்து, மாலை போட்டு, கண்ட இடமெல்லாம் சந்தனமும் குங்குமமும் அப்பினாள். அச்சுக்கு இருபுறமும் இருக்கிற சென்சாரையும் விடவில்லை. கை உள்ளே இருந்தால் மிஷினை இறங்கவிடாமல் நிறுத்துவது அதுதான். அதற்குத்தான் பெரிய பொட்டு.

லீவு முடிந்து வந்தால் மிஷின் நகரமாட்டேன் என்றது. சென்சாரில் காய்ந்துபோன பொட்டைத் துடைத்தோம், சுரண்டினோம். நாலு பீஸ் அடித்தால் நின்றது, மறுபடி நின்றது. ஜோதியின் முகம் செத்துவிட்டது. ஃபிட்டர் பாபுவைக் கூப்பிட்டாள்.

“ண்ணா, தாளமே கெட்டுப்பூடுது. பர்மனென்ட் லிஸ்ட் போடற நேரம். இன்னா பண்ணுவியோ, நிக்காம ஓடணும்.”

“புது சென்சார் வர்ற வரைக்கும் பைபாஸ் பண்ணி உடறேன். கைய பாத்துக்கோ.”

சென்சார் வேலை செய்யாதபடி ஒயரை மாற்றிக் கொடுத்தான். மிஷின் ஓடியது. சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காதவர் மாதிரிப் போனார்.

“வேணாண்டி! சென்சார் இல்லாத மிஷினுகிட்ட இன்னா வெளாட்டு?” என்று கத்தினேன்.

“கீழ பாத்துகினேவா நடக்கறோம்? அது மாதிரிதான்க்கா இதுவும்” என்று சிரித்தாள்.

புது சென்சார் வரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. லைன்தான் ஓடுகிறதே, யாருக்கு என்ன கவலை! அவள் வேகம் நாளுக்கு நாள் கூடியது. ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டே அடித்துக் காட்டினாள். சுற்றி நின்ற அறிவுகெட்ட கூட்டம் கைதட்டியது. பக்கத்து மேசையில் பீஸ் சரிபார்ப்பது என் வேலை. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். விரல் விரலாக அவள் கையைப் பார்த்த பிறகுதான் மூச்சு வெளியே வரும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மேனேஜர் வெங்கடேசன் வாயெல்லாம் பல்லாக வந்தார். அவளுக்குப் பின்னால் நின்று சத்தமாகக் கூப்பிட்டார்.

“ஜோதி! உன் பேர் வந்துடுச்சும்மா. பர்மனென்ட்!”

அவள் திரும்பினாள். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் எந்த முகத்திலும் பார்த்ததில்லை. பீஸை எடுக்கப் போன கை அப்படியே உள்ளே நின்றுவிட்டது.

பெடல் மிதித்த கால் நிற்கவில்லை.