மாமியாருக்குத் தெரிந்த நாலு வார்த்தை

அவன் வேலை பார்க்கும் கிடங்கில் காதில் மாட்டிக்கொள்ளும் கருவிக்குள் பேசுகிற பெண்குரலுக்கு எல்லாரும் மாமியார் என்று பெயர் வைத்திருந்தார்கள். பொருத்தமான பெயர்தான். உட்கார விடமாட்டாள், ஒரு நாளும் பாராட்டமாட்டாள், ஒரு வேலை முடிவதற்குள் அடுத்ததைத் தயாராக வைத்திருப்பாள். "வரிசை ஏழு, தட்டு நாற்பத்திரண்டு" என்பாள். அவன் அங்கே போய்த் தட்டில் ஒட்டியிருக்கும் எண்ணை வாய்விட்டுப் படிக்க வேண்டும். "எடு, மூன்று" என்பாள். மூன்று பெட்டியை வண்டியில் வைத்துவிட்டு, "சரி, அடுத்தது" என்று சொல்ல வேண்டும்.

எண்களை விட்டால் மாமியாருக்குப் புரிவது நாலே வார்த்தை: தயார், சரி, அடுத்தது, மறுபடி. பக்கத்தில் போகிறவனிடம் வாய் கொடுத்தால் குழம்பிப்போய், தாமதம் என்று குறித்துவிடுவாள். அதனால் யாரும் யாரோடும் பேசுவதில்லை. ஒரு நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம் தடவை "சரி, அடுத்தது". இப்படியே நாலு வருஷம். வாய்தான் என்ன செய்யும், பாவம்.

வீட்டிலும் அவன் வாயே திறப்பதில்லை. அவனுக்கு யார் மேலும் கோபமில்லை. கோபப்பட்டால்கூடத் தேவலை என்று அவன் மனைவி தன் அக்காவிடம் போனில் சொல்லி அழுதிருக்கிறாள். சனிக்கிழமை அவனிடமே சொல்லிவிட்டாள்.

"நாளைக்கு உங்களுக்கு லீவு. பத்து நிமிஷம் உக்காந்து என்கிட்ட பேசுங்க, போதும். இல்லேன்னா பாப்பாவைக் கூட்டிக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்."

அவள் போய்விடக் கூடாது என்றுதான் அவனுக்கு இருந்தது. பயமாகவும் இருந்தது. ஆனால் அந்தப் பயம் பக்கத்து வீட்டு டிவி மாதிரி சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். அவன் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை என்றதும் அவளே ஆரம்பித்தாள்.

"போன மாசம் ஒரு நாள் நெஞ்சு படபடன்னு அடிச்சு இங்கயே மயங்கி விழுந்துட்டேன். பாப்பாதான் தண்ணி தெளிச்சு எழுப்புனா. உங்ககிட்ட சொல்லல. சொன்னா நீங்க எப்பவும் போல சும்மா இருந்துடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு."

சொல்லி நிறுத்தினாள். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, அடுத்தது" என்றான்.

பக்கத்தில் நின்றிருந்த மகள் ஏதோ விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை, அழவும் இல்லை. எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள்.

வாடகை வண்டி வந்ததும் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றியது அவன்தான். மூன்று பெட்டி. ஒன்றன்மேல் ஒன்றாக, சரியாமல், அழகாக அடுக்கினான்.

மறுநாள் காலையில் கிடங்கில் கருவியைக் காதில் மாட்டினான்.

"வணக்கம். தயாரா?"

"அவ போயிட்டா" என்றான்.

"புரியவில்லை. மறுபடி சொல்லவும்."

"போயிட்டா. பாப்பாவும்."

"புரியவில்லை. மறுபடி சொல்லவும்."

அவனுக்குப் பின்னால் நாலைந்து பேர் வண்டியோடு வழிக்குக் காத்திருந்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"தயார்" என்றான்.