கண்ணக் காட்டுங்க மாப்பிள்ளை

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வயிறு எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாமனார் வீட்டு ஹாலில் சகலை மூன்றாவது கிளாஸை முடித்துவிட்டு நான்காவதுக்கு நீட்டுகிறார். மாமனார் சிரித்துக்கொண்டே ஊற்றுகிறார்.

"பெரிய மாப்பிள்ளை மனுசன்! எவ்வளவு போட்டாலும் நிதானம் தப்பாது."

சின்ன மாப்பிள்ளை மனுசன் இல்லையா? நான்கு வருடம் முன்பு அவர் கஞ்சா பிடித்தது உண்மை, விட்டதும் உண்மை. இன்றைக்கு அவர் கை வைத்த லிஃப்டை நம்பி இருபது மாடி ஜனம் ஏறி இறங்குகிறது. இந்த வீட்டில் மட்டும் அவர் கழிப்பறையில் ஐந்து நிமிடம் கூடுதலாக இருந்தால் மாமியார் வெளியே நின்று மோந்து பார்ப்பார்.

சாயங்காலம் இரண்டு குடும்பமும் மாமனார் காரில்தான் வீடு திரும்பும். மெக்கானிக்குக்கு ஒரே ஒரு ஆசை, தன் மகளை ஒரு தடவையாவது தானே ஓட்டிக் கூட்டிப்போக வேண்டும். ஆனால் சாவி கேட்டால் போதும், மாமனார் அவரை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப்போவார். "கண்ணக் காட்டுங்க மாப்பிள்ளை."

பஸ் டெப்போவில் முப்பது வருடம் டிரைவர்களை ஊதச் சொல்லி மோப்பம் பிடித்துவிட்டு ஓய்வு பெற்றவர் அவர். வீட்டுக்குள் அந்த மூக்குக்கு விடுமுறை. சின்னவரின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்ப்பார், உம்மென்பார், சாவியைப் பெரியவரிடம் கொடுப்பார்.

அன்றும் அப்படித்தான். சகலை காரைப் பின்னால் எடுத்து கேட்டில் தேய்த்தார். பின்சீட்டில் மகள் வீலென்று கத்தினாள்.

"கேட்டுதான்யா நகந்து வந்து இடிச்சிருச்சு!" என்றார் மாமனார். வீடே சிரித்தது. இதையே தான் செய்திருந்தால் போலீஸ் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார் மெக்கானிக்.

தங்கள் தெருமுனையில் இறங்கி நடக்கையில் மனைவி மெதுவாகச் சொன்னாள். "நீங்களும் அப்பாகூட ஒரு ரவுண்டு உக்காந்திருக்கலாம்ல. அவருக்கும் சந்தோஷமா இருந்திருக்கும்."

அடுத்த ஞாயிறு அவர் உட்கார்ந்தார். கிளாஸை நீட்டியதும் மாமனார் முகம் பூரித்துவிட்டது. "அடடே! இப்பதான் நம்ம ஆளு!" சகலை அவர் முதுகில் தட்டினார். மாமியாரே தட்டு நிறைய வறுத்த கடலை கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். இத்தனை வருடத்தில் அவருக்கென்று அந்த வீட்டில் வந்த முதல் தட்டு. தொண்டை எரிய இரண்டு கிளாஸ் இறக்கினார்.

சாயங்காலம் மாமனார் ஜன்னல் பக்கமே போகவில்லை. "சின்ன மாப்பிள்ளை ஓட்டட்டும்!" என்று சாவியைத் தூக்கிப் போட்டார். சாவி கைக்கு எட்டாமல் தரையில் விழுந்தது. அதற்கும் சிரித்தார்கள்.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியைத் திருப்பினார். மகள் அதில் இரண்டாகத் தெரிந்தாள். "அப்பா, நீயா ஓட்டப்போற?" என்று இரண்டு வாயும் சந்தோஷமாகக் கேட்டன.

மெக்கானிக் இறங்கினார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாமா, என் கண்ணக் கொஞ்சம் பாருங்க."

"எதுக்கு மாப்பிள்ளை? நீங்கதான் அந்தக் கருமத்தையெல்லாம் விட்டாச்சே!"

அவர் சாவியை மாமனார் சட்டைப் பையில் போட்டார். பின்கதவைத் திறந்து மகளை இறக்கினார்.