காற்றடித்த அன்று குளியலறையில்

எனக்கும் என் நாத்தனாருக்கும் மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அவள் என் சமையலறை அலமாரியை மாற்றி அடுக்கிவிட்டாள். திரும்பி வந்து நன்றி சொன்னேன். சொன்ன தொனி சரியில்லையாம். கல்யாணமே வேண்டாம் என்று எங்களோடேயே தங்கிவிட்டவள், வேறு எங்கே போவாள்? ஒரே வீடு, ஒரே அடுப்பு என்பதால் சேதியெல்லாம் என் கணவர் வழியாகத்தான் போகும். பாவம், அவரால் நிம்மதியாகச் சாப்பிடக்கூட முடியாது.

அன்று மத்தியானம் அபாயச் சங்கு ஊதியது. சுழற்காற்று எங்கள் பக்கம் திரும்பிவிட்டது, ஜன்னல் இல்லாத உள்ளறைக்குப் போங்கள் என்று ரேடியோ சொன்னது. எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட இடம் குளியலறை ஒன்றுதான். நாத்தனார் மெத்தையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக உள்ளே போனாள். பின்னாலேயே நானும் போனேன்.

"ஷூ போட்டுக்கச் சொல்லுண்ணா, கண்ணாடி உடைஞ்சா கால் கிழியும்" என்றாள், சுவரைப் பார்த்து.

"போட்டாச்சுன்னு சொல்லுங்க" என்றேன், குழாயைப் பார்த்து.

சேதி போய்ச் சேரவில்லை. கொண்டுபோகிற ஆளைக் காணோம்.

என் கணவருக்கு வீடுகளுக்கு ஜன்னல் மாட்டுகிற தொழில். காற்றடிக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்தால் உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் சமமாகி வீடு தப்பிக்கும் என்பது அவர் முதலாளி சொன்ன வேதவாக்கு. அதெல்லாம் கட்டுக்கதை, திறந்தால் காற்று புகுந்து கூரையைத் தூக்கும் என்று ரேடியோக்காரர் தொண்டை கிழியக் கத்தியும் இவர் காதில் ஏறவில்லை. எட்டிப் பார்த்தேன். கூடத்தில் ஒரு ஜன்னல் கொக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கோபமா பயமா தெரியவில்லை, ஓடிப்போய்ச் சட்டைக் காலரைப் பிடித்தேன்.

"இன்னும் ஒண்ணுதான்டி!"

"உங்க ஜன்னலைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க!"

இழுத்து வந்து அவரைக் குளியலறைக்குள் தள்ளினேன். நான் நுழைவதற்குள் கதவு பிய்த்துக்கொண்டு போனது. என் கால் தரையை விட்டுக் கிளம்பியது. அப்போதுதான் யாரோ என் கொண்டையைக் கொத்தாகப் பிடித்தார்கள். வலியில் உயிர் போயிற்று. நிஜமாகப் போகவில்லை, அதற்குக் காரணமும் அந்தப் பிடிதான்.

மெத்தைக்கு அடியில் மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவர் கிடந்தோம். இரைச்சல் அடங்கியபோது தலைக்கு மேல் கூரை இல்லை. கூடத்துச் சுவர் பாதி இல்லை. மிச்சச் சுவரில், அவர் திறக்காமல் விட்ட ஒரே ஜன்னல் கீறல்கூட இல்லாமல் இருந்தது.

"பாத்தியா, நான் மாட்டினது" என்றார் என் கணவர்.

கொண்டை மட்டும் இன்னும் விடுபடவில்லை.

"காத்து போயிடுச்சு, விடச் சொல்லுங்க" என்றேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் பிடித்த கொண்டையை விடாமலே என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"நீங்க பாட்டுக்குப் போயிட்டா, நான் யார்கூட அண்ணி பேசாம இருக்கிறது?"